பிலிப்பினோ அமெரிக்கர்களின் குடியேற்றமும் குடியுரிமையும்

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் பிலிப்பைன்ஸ் வழிவந்த மக்கள் பிலிப்பினோ அமெரிக்கர் எனப்படுகின்றனர். 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கலப்பு வழியினரையும் சேர்த்து, இவர்களின் தொகை ஏறத்தாழ 44 இலட்சம் ஆகும். அந்நாட்டின் ஆசிய வழியினருள் சீனர், இந்தியர் ஆகியோருக்கு அடுத்த பெரிய குழுவினர் இவர்களே. இவர்களுடைய குடியேற்ற வரலாறு பிற ஆசியர்களுடையதிலிருந்து வேறுபட்டது. 1898 முதல் 1946 வரை பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தமையால், அக்காலத்தில் அமெரிக்கா சென்ற பிலிப்பினோக்கள் அயல்நாட்டவராகக் கருதப்படவில்லை, குடிமக்களாகவும் ஏற்கப்படவில்லை. ஒருவர் எந்த ஆண்டில் பிறந்தார், எந்த நாளில் கப்பலேறினார், எந்த நாளில் மணம் செய்தார் என்பவற்றைக் கொண்டே அவருடைய சட்ட நிலை முடிவு செய்யப்பட்டது. இந்நிலை வேறு வடிவங்களில் இன்றும் தொடர்கிறது.

குடிமக்கள் அல்லாத நாட்டினர்

1898 டிசம்பர் 10 ஆம் நாள் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஸ்பெயின் இரண்டு கோடி டாலர் பெற்றுக்கொண்டு பிலிப்பைன்ஸ் தீவுகளை ஐக்கிய அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தீவுவாழ் மக்களின் குடிசார் உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரசே முடிவு செய்யும் என அவ்வுடன்படிக்கை கூறியது. 1902 இல் இயற்றப்பட்ட சட்டம் அம்மக்களைப் "பிலிப்பைன்ஸ் தீவுகளின் குடிமக்கள்" என அழைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் இவர்கள் "நாட்டினர்" ஆயினர். அதாவது, அமெரிக்காவுக்குப் பற்றுறுதி உடையவர்கள், அமெரிக்கக் கடவுச்சீட்டில் பயணம் செய்யக்கூடியவர்கள், ஆனால் வாக்குரிமை முதலிய குடிமக்கள் உரிமைகள் இல்லாதவர்கள். அதே உடன்படிக்கையால் அமெரிக்காவிடம் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917 இல் குடியுரிமை வழங்கப்பட்டது. பிலிப்பினோக்களுக்கு அது வழங்கப்படவில்லை.

நாட்டினர் என்ற நிலையால் கிடைத்த ஒரே பெரும் பயன் தடையின்றி நுழையும் உரிமையாகும். சீனர், ஜப்பானியர், இந்தியர் ஆகியோரின் வருகை ஒவ்வொரு சட்டமாகத் தடை செய்யப்பட்டபோது, ஹவாய்க் கரும்புத் தோட்ட முதலாளிகள் பிலிப்பைன்சின் பக்கம் திரும்பினர். 1906 டிசம்பரில் 15 தொழிலாளர்கள் டோரிக் என்னும் கப்பலில் ஹொனலுலுவில் வந்திறங்கினர். 1946 வரையிலான காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டனர். இத்தொழிலாளர்கள் சக்காடா என அழைக்கப்பட்டனர். பலர் அங்கிருந்தும் நேரடியாகப் பிலிப்பைன்சிலிருந்தும் கலிபோர்னியா வயல்களுக்கும் அலாஸ்கா மீன் பதனிடும் ஆலைகளுக்கும் சென்றனர்.

வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இளைஞர்கள், மணமாகாதவர்கள். கலிபோர்னியாவில் இவர்கள் வெள்ளை இனப் பெண்களை மணப்பது தடை செய்யப்பட்டிருந்தது. மலாய் இனத்தார் மங்கோலிய இனத்தவர் அல்லர் என்பதால் அத்தடை பிலிப்பினோக்களுக்குப் பொருந்தாது என 1933 இல் அம்மாநில நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. உடனே, அதே ஆண்டில், சட்டத்தில் "மலாய் இனம்" என்னும் சொல் சேர்க்கப்பட்டது. இத்தடை 1948 இல்தான் நீங்கியது. குடும்பம் அமைக்க வழியின்றி முதுமையடைந்த இத்தலைமுறையினரைப் பிற்காலத்தவர் "மனோங்" என மரியாதையாகக் குறிப்பிடுவர். இது இலோகானோ மொழியில் தமையனைக் குறிக்கும் சொல்லாகும்.

குடியுரிமை பெறுவதற்கும் வழி அடைக்கப்பட்டே இருந்தது. அமெரிக்கக் கடற்படையில் மூன்றாண்டு பணியாற்றியவர் போன்ற சிலரைத் தவிர, பிலிப்பினோ ஒருவர் குடியுரிமை பெற இயலாது என்பதை 1925 இல் டொயோட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

1934 ஆம் ஆண்டுச் சட்டம்

பொருளாதார மந்த காலத்தில் பிலிப்பினோக்களுக்கு எதிரான உணர்வு வளர்ந்தது. 1930 சனவரியில் கலிபோர்னியாவின் வாட்சன்வில் ஊரில் நடந்த கலவரத்தில் ஓர் இளந்தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாட்டவரின் வருகையை நிறுத்த விரும்பியவர்களுக்கு ஒரு தடை இருந்தது. பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சிப்பகுதியாக இருக்கும்வரை அதன் மக்களை அயல்நாட்டவராக நடத்துவது கடினம். ஆகவே பிலிப்பைன்சின் விடுதலைக்கு நெடுங்காலம் குரல் கொடுத்தவர்களுடன், பிலிப்பினோக்களை வெளியேற்ற விரும்பியவர்களும் ஒரே சட்டத்தை ஆதரிக்க நேர்ந்தது.

1934 மார்ச் 24 இல் நிறைவேறிய டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பின் விடுதலை வழங்குவதாக உறுதியளித்தது. குடியேற்றத்தைப் பொறுத்தவரை அந்த இடைக்காலம் கணக்கில் எடுக்கப்படவில்லை. பிலிப்பினோக்கள் உடனடியாக அயல்நாட்டவராகக் கருதப்பட்டனர். ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே நுழையலாம் என வரம்பு விதிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டால் ஹவாய்க்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. 1946 இல், விடுதலைக்குச் சில மாதங்களே இருந்தபோது, இப்பிரிவைப் பயன்படுத்தி ஏறத்தாழ 6,000 பேர் ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டனர்.

1935 இல் தாயகம் திரும்ப விரும்புவோருக்கு இலவசப் பயணச்சீட்டு வழங்கும் சட்டம் வந்தது. இச்சீட்டில் சென்றவர் மீண்டும் வரவேண்டுமானால் அந்த 50 பேருள் ஒருவராகவே வரவேண்டும். இதன் பொருளைத் தொழிலாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே இத்திட்டத்தில் திரும்பிச் சென்றனர்.

1946 சூலை 2 இல், பிலிப்பைன்ஸ் விடுதலை பெறுவதற்கு இரு நாட்களுக்கு முன், லூஸ்-செல்லர் சட்டம் கையெழுத்தானது. இதன்மூலம் பிலிப்பினோக்கள் குடியுரிமை பெறத் தகுதியடைந்தனர். ஆண்டு வரம்பு 100 ஆனது. இதே சட்டமே இந்தியர்களுக்கும் அவ்வுரிமையை வழங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்களின் நிலை என்ன என்பது 1957 இல் ராபாங் எதிர் பாய்ட் வழக்கில் தெளிவாயிற்று. 1930 இல் நாட்டினராக வந்து, பின்னர் போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்ற ஒருவரை அயல்நாட்டவராக நாடு கடத்தலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அமெரிக்காவை விட்டு எங்கும் செல்லவில்லை. அவர் இருந்த இடத்திலேயே சட்டம் அவரை அயல்நாட்டவர் ஆக்கியிருந்தது. அமெரிக்க ஆட்சிக் காலத்தில் பிலிப்பைன்சில் பிறந்தவர் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன் என்னும் வாதத்தை அவர்களுடைய பிள்ளைகள் பின்னாளில் எழுப்பினர். 1994 இலும் அதன் பின்னரும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை.

போர்வீரர்கள்

1941 சூலை 26 இல் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் பிலிப்பைன்ஸ் படைகளை அமெரிக்கப் படைத் தலைமையின் கீழ் கொண்டுவந்தார். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றினர். 1942 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அமெரிக்கப் படைகளில் பணிபுரியும் அயல்நாட்டவர் தாம் இருக்கும் நாட்டிலேயே எளிய முறையில் குடியுரிமை பெற வழி செய்தது. இச்சலுகை 1946 டிசம்பர் 31 உடன் முடிவடைந்தது. பிலிப்பைன்சில் இதற்கென அதிகாரம் பெற்றிருந்த அலுவலரின் அதிகாரம் 1945 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. விடுதலை பெறும் தறுவாயில் வீரர்கள் பெருமளவில் நாட்டை விட்டுச் செல்வரோ என்ற மணிலா அரசின் அச்சமே இதற்குக் காரணம். 1946 ஆகஸ்ட் வரை மனுக்களைப் பெற அங்கு எவரும் இருக்கவில்லை. இதற்கிடையே 1946 பெப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம், இவ்வீரர்களின் சேவையைப் பெரும்பாலான முன்னாள் படைவீரர் நலன்களுக்கு உரிய சேவையாகக் கொள்ளலாகாது எனக் கூறியது.

பிலிப்பைன் சாரணர் படையில் பணியாற்றிய ஹிபி என்பவர் 1964 இல் அமெரிக்காவுக்கு வந்து, தமக்கு உரிய வாய்ப்பு மறுக்கப்பட்டதாக வழக்குத் தொடர்ந்தார். அரசு அலுவலரை நியமிக்காதது சட்டத்தின் கெடுவை நீட்டிக்கக் காரணமாகாது என உச்ச நீதிமன்றம் 1973 இல் கூறிவிட்டது. 1990 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமே இவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. அப்போது பெரும்பாலோர் எழுபது வயதை நெருங்கியோ கடந்தோ இருந்தனர். அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளுக்கு இச்சட்டம் எதையும் வழங்காமையால், முதியவர்கள் தனியே வந்து, பிள்ளைகளுக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருந்தனர். 2009 இல் குடிமக்களான வீரர்களுக்கு 15,000 டாலரும், மற்றவர்களுக்கு 9,000 டாலரும் ஒருமுறைத் தொகையாக வழங்கப்பட்டன. வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகள் முன்கூட்டியே வந்து பெற்றோரைப் பராமரிக்க 2016 இல் ஒரு சிறப்பு அனுமதித் திட்டம் தொடங்கப்பட்டது. போர் முடிந்து அப்போது 71 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை முடித்துக்கொள்ளும் எண்ணத்தைக் குடியேற்றத் துறை 2019 இல் அறிவித்தது.

குடும்ப மனுக்களும் காத்திருப்பும்

இன்றைய குடும்பக் குடியேற்றத்துக்கு அடிப்படை 1965 ஆம் ஆண்டுச் சட்டமாகும். அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மற்ற உறவினர் நான்கு விருப்பப் பிரிவுகளில் அடங்குவர். குடிமகனின் மணமாகாத வளர்ந்த பிள்ளைகள் முதற் பிரிவினர். நிரந்தர வதிவுரிமை பெற்றவரின் துணையும் மணமாகாத பிள்ளைகளும் இரண்டாம் பிரிவினர். குடிமகனின் மணமான பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் முறையே மூன்றாம், நான்காம் பிரிவினர்.

எந்த ஒரு நாட்டுக்கும், அது பெரிதாயினும் சிறிதாயினும், இவ்விசாக்களில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் வழங்கப்படுவதில்லை. தொழில்வழி விசாக்களையும் சேர்த்து இது ஆண்டுக்கு ஏறத்தாழ 25,600 ஆகும். தாதியராகவும், கடற்படையினராகவும் சென்று குடியேறிய பிலிப்பினோக்கள் உறவினருக்காகப் பெருமளவில் மனுச் செய்ததால், இந்நாட்டுக்கெனத் தனி வரிசையே உருவாயிற்று. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் பிலிப்பைன்சுக்குத் தனி நிரல் உண்டு. மூன்றாம், நான்காம் பிரிவுகளில் காத்திருப்புக் காலம் இருபது ஆண்டுகள் அளவுக்கு நீண்டுள்ளது.

இவ்வளவு நீண்ட காத்திருப்பு மனுவின் பொருளையே மாற்றிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் பணியாற்றும் ஒரு தாதி குடியுரிமை பெற்றுத் தம் தாயை அழைத்துக்கொள்ளலாம். இதற்கு வரிசை இல்லை. தாதியின் தம்பிக்கு அக்கா செய்யும் மனு நான்காம் பிரிவில் அடங்கும். தாய் வதிவுரிமை பெற்றபின் அதே தம்பிக்குச் செய்யும் மனுவோ இரண்டாம் பிரிவில் வரும், விரைவாக நகரும். ஆனால் அவன் மணம் செய்துகொண்டால் தாயின் மனு அந்த நாளிலேயே செல்லாததாகிவிடும். வதிவுரிமை மட்டும் உள்ளவர் தம் மணமான பிள்ளைக்கு மனுச் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

தாய் குடியுரிமை பெறுவதும் இங்கு எப்போதும் நன்மை தராது. குடியுரிமை பெற்றவுடன் மனு முதற் பிரிவுக்கு மாறும். பிற நாட்டவர்க்கு இது பெரும்பாலும் முன்னேற்றம். பிலிப்பைன்ஸ் நிரலில் முதற் பிரிவு நெடுங்காலம் இரண்டாம் பிரிவைவிடப் பின்தங்கியிருந்ததால், குடியுரிமை பெற்ற தாயின் மகன் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2002 ஆம் ஆண்டின் பிள்ளைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம், எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால் பழைய பிரிவிலேயே நீடிக்க வழி செய்தது. இவ்விதியை அறியாமல் ஆண்டுகளை இழந்த குடும்பங்களும் உண்டு.

மணமான மகனுக்கோ உடன்பிறந்தோருக்கோ செய்யும் மனுவில் அவர்களுடைய பிள்ளைகளும் அடங்குவர், 21 வயதுக்குட்பட்டிருந்தால் மட்டும். மனுச் செய்தபோது மூன்று வயதாக இருந்த குழந்தை விசா கிடைக்கும்போது அவ்வயதைக் கடந்துவிடக்கூடும். அத்தகையோர் பெற்றோரின் பழைய முன்னுரிமைத் தேதியைத் தமக்குக் கேட்ட வழக்கில் பிலிப்பினோ குடும்பங்களும் இருந்தன. 2014 இல் உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. பெற்றோர் அமெரிக்கா செல்ல, வளர்ந்த பிள்ளை பிலிப்பைன்சில் தங்கி, புதிய மனுவுடன் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

மனுச் செய்தவர் இறந்துவிட்டால் மனுவும் பொதுவாக அவருடன் முடிந்துவிடும். 2009 இல் இதற்கு ஒரு விலக்கு வந்தது. பயனடைவோருள் ஒருவரேனும் அந்த இறப்பின்போது அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்பதால், மணிலாவில் காத்திருப்பவருக்கு அது பெரிதும் உதவாது. அவர்கள் மனிதாபிமான அடிப்படையில் மனுவை உயிர்ப்பிக்கக் கேட்கலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அலுவலரின் விருப்புரிமை.

மறைக்கப்பட்ட திருமணங்கள்

மேற்கூறிய விதியால் பல பிலிப்பினோ இளைஞர்கள் விசா வரும்வரை திருமணத்தைத் தள்ளிப்போடுகின்றனர். சிலர் இரகசியமாக மணம் செய்துகொண்டு, மணமாகாதவர் என அறிவித்து நுழைந்தனர். ஆண்டுகள் கழித்து மனைவியை அழைக்கத் திருமணச் சான்றிதழை அளிக்கும்போது அதிலுள்ள தேதியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இது பொய்க்கூற்றாகக் கருதப்பட்டு நாடு கடத்தலுக்கு வழிவகுக்கும்; எனினும் குடிமகன் அல்லது வதிவுரிமையாளர் ஒருவரின் துணை, பெற்றோர், பிள்ளை என்னும் உறவுடையவர்க்கு விலக்கு அளிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பிலிப்பைன்சில் முஸ்லிம்களுக்கு உள்ளதைத் தவிரப் பொதுவான மணமுறிவுச் சட்டம் இல்லாமையால், ஒருமுறை பதிவான திருமணத்தை நீக்குவது கடினமும் செலவும் மிக்கது. தூதரகம் இப்போது திருமணப் பதிவு இல்லை என்னும் சான்றிதழைக் கேட்கிறது. உரிய ஆவணமின்றி வாழ்வோரை இச்சமூகத்தில் "டிஎன்டி" என்பர். "எப்போதும் ஒளிந்திருப்பவர்" எனப் பொருள்படும் தகாலோகு தொடரின் சுருக்கம் இது.

இவர்களிலும் வேறான ஒரு குழுவினர், கிளார்க், சூபிக் படைத்தளங்களில் பணியாற்றிய அமெரிக்கர்களுக்குப் பிறந்த பிள்ளைகள். போர்க்காலத்தில் ஆசியாவில் இவ்வாறு பிறந்தோருக்கு வழி செய்த 1982 ஆம் ஆண்டுச் சட்டம் கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து ஆகியவற்றைச் சேர்த்தது, பிலிப்பைன்சைச் சேர்க்கவில்லை. தந்தை மணமாகாத நிலையில் பிறந்தவர், 18 வயதாகுமுன் தந்தையால் ஏற்கப்பட்டிருந்தால்தான் அவர்வழிக் குடியுரிமை கோரலாம்.

இரட்டைக் குடியுரிமை

1936 ஆம் ஆண்டுப் பிலிப்பைன்ஸ் சட்டப்படி, அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்றவர் பிலிப்பைன்ஸ் குடியுரிமையை இழந்தார். 2003 இல் இயற்றப்பட்ட 9225 ஆம் எண் குடியரசுச் சட்டம், பிறப்பால் பிலிப்பினோவாக இருந்து அதை இழந்தவர்கள் உறுதிமொழி எடுத்து மீளப்பெற வழி செய்தது. நிலம் வாங்குவதே பலருக்கு இதன் முதற் பயன். மீளப்பெறாத முன்னாள் குடிமக்கள் குடியிருப்புக்கு நகர்ப்புறத்தில் 1,000 சதுர மீட்டரும், ஊர்ப்புறத்தில் ஒரு எக்டேரும் மட்டுமே வாங்கலாம். பொதுப் பதவிக்குப் போட்டியிடுவோர் அயல்நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். 2016 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட கிரேஸ் போ அமெரிக்கக் குடிமகளாக இருந்து அதைத் துறந்தவர். அவருடைய தகுதி உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை மீண்டும் தேதியே முதன்மை பெறுகிறது. பெற்றோருள் ஒருவரேனும் பிலிப்பைன்ஸ் குடிமகனாக இருந்த காலத்தில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இரு நாடுகளுக்கும் உரியது. பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் போதும். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் பிறந்த குழந்தைக்கு இவ்வுரிமை இல்லை. பெற்றோர் தம் குடியுரிமையை மீளப்பெறும்போது 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் அதனைப் பெறுவர். இதனால் ஒரே வீட்டில், அக்காவும் கடைசித் தம்பியும் இரு நாட்டுக் குடியுரிமை உடையவராகவும், பெற்றோர் உறுதிமொழி எடுத்தபோது 19 வயதான நடுப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக மட்டும் இருப்பதும் காணப்படும்.