மாணவர் படைப்புவெளியும் ஏற்பும்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் சமயப்பணி ஆற்றியவர் வீரமாமுனிவர். சமயக் குருவாகிய அவரே, குருவையும் சீடரையும் ஒருங்கே எள்ளும் பரமார்த்த குரு கதையை 18ஆம் நூற்றாண்டில் உரைநடையில் இயற்றினார். எள்ளலும் மறுப்பும் கல்விக்குப் பகையல்ல என்பதற்கு இது தக்க சான்று. இதனை உளங்கொண்டு, இற்றைக் கல்விக்கூடங்களில் மாணவரின் படைப்புவெளி சுருங்கும் முறையினை ஈண்டு ஆராய்வாம்.

கையெழுத்து இதழ், சுவரிதழ், நாடகமேடை, படிப்பு வட்டம் என்பன அவ்வெளியின் உறுப்புகள். இவற்றை ஒடுக்க வெளிப்படையான தடை வேண்டுவதில்லை. நிறுவனம் வழங்கிய ஏற்பைத் திரும்பப் பெறுதலே போதும். ஏற்பு நீங்கின், கூடும் அரங்கும் அறிவிப்புப் பலகையும் உடன் நீங்கும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014இல் தோன்றிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம், நடுவணரசின் கொள்கைகளை மறுத்துத் துண்டறிக்கை வெளியிட்டது. பெயரிலா முறையீடொன்றை மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அனுப்பியதைத் தொடர்ந்து, 2015 மே திங்களில், விதிமீறல் காட்டி அதன் ஏற்பு நீக்கப்பட்டது. தம் விளக்கம் கேட்கப்படவில்லை என மாணவர் கூறினர். பல்லிடத்தும் எதிர்ப்பு எழவே, சூன் திங்களில் ஏற்பு மீண்டது.

மீண்டமையால் குறை தீர்ந்தது எனல் பொருந்தாது. மறுபடியும் பறிக்கப்படலாம் என்னும் அச்சம் உள்ளவிடத்து, மாணவர் எழுதுமுன்னரே தம்மைத் தாமே தணிக்கை செய்வர். அவ்விழப்பு எப்பதிவேட்டிலும் ஏறாது. ஆதலின், ஏற்பை நீக்குமுன் மாணவர் விளக்கத்தைக் கேட்டல் விதியாதல் வேண்டும் என்பதே எம் துணிபு. தன்னை நகைக்கும் ஏட்டையும் படித்துப் பார்க்கும் ஆசிரியன் பரமார்த்தன் ஆகான்.