உங்களுக்குத் தெரியுமா? காணாமல் போன படமும் இரட்டிப்பான படமும்

முகூர்த்த மாதம் முடிந்ததும் காடாம்புலியூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர்கள் கணினி முன் உட்காருவார்கள். புகார் இரண்டுதான்: "பாதிப் படத்தைக் காணோம்", "எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்குது".

● லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருள் உங்கள் படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்று கேட்டலாக் என்னும் தன் பட்டியலில் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். நேற்று 'ஈ' டிரைவாக இருந்தது இன்று 'எஃப்' ஆகிவிட்டால் ஃபோல்டரில் கேள்விக்குறியும் படத்தில் ஆச்சரியக்குறியும் வந்து நிற்கும். பதறிப்போய் மறுபடி இறக்காதீர்கள். திருத்தங்கள் பழைய பதிவோடு தங்கிவிடும், கேட்டலாக்கில் அதே படம் இன்னொன்றாகவும் ஏறக்கூடும். ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, அது இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினாலே போதும்.

● ஏற்கெனவே இறக்கிய படம்தானா என்று லைட்ரூம் பார்ப்பது மூன்றை: கோப்பின் மூலப் பெயர், எடுத்த நேரம், கோப்பின் அளவு. மணமகளின் முகத்தை அது பார்ப்பதே இல்லை.

● அதனால்தான் வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏமாற்றிவிடுகிறது. பெயர் மாறி, அளவு சுருங்கி, எடுத்த நேரமும் உதிர்ந்து வருவதால், கண்ணுக்கு அதே படம்தான் என்றாலும் மென்பொருளுக்கு அது புதுப் படம்.

● கேமரா போடும் எண் 9999-ஐத் தாண்டாது. அடுத்த படம் மறுபடி 0001. ஒரே மாடல் கேமரா இரண்டு என்றால் பெயர்கள் மோத வாய்ப்பு அதிகம். லைட்ரூம் வழியாக நகலெடுத்தால் பின்னால் ஓர் எண் சேர்த்துச் சமாளித்துவிடும். கையால் நகலெடுக்கும்போது, பழையதை மாற்றவா என்று விண்டோஸ் கேட்க, தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' என்றால் தாலி கட்டும் படத்தின் மேல் பந்திப் படம் ஏறிவிடும். இந்தப் பட்டியலில் உண்மையான இழப்பு இது ஒன்றுதான்.

● ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுத்தீர்களா? லைட்ரூம் வழக்கமாக ஜேபெக்கை ராவின் துணைக்கோப்பாகவே கருதும். தனிப் படமாகக் காட்டாது. அமைப்புகளில் ஒரு டிக் அடித்தால் அடுத்த முறை இறக்கும்போது தனித்தனியாக வரும்.

● அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் வடலூர் தைப்பூசத்தன்று காலை 6 மணிக்கு எடுத்த படங்கள், முந்தின நாள் ஃபோல்டருக்குள் கிடக்கலாம். கேமராவில் நியூயார்க் நேரம் மாற்றப்படாமல் இருந்தால் அதன் கணக்கில் அது முந்தைய நாள் இரவு 7.30. எடுத்த நேரம் போன்ற விவரங்களைப் படக் கோப்பில் பதியும் எக்சிஃப் தரத்தில், 2016-க்கு முன்பு, நேர மண்டலத்தைக் குறிக்க இடமே இருக்கவில்லை.

● 1957-இல் நெய்வேலிச் சுரங்கப் பணி தொடங்கியபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் தாத்தா பெட்டியில் இருக்கிறதா? அதை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த தேதிதான் கோப்பில் இருக்கும். 1957-இல் தேடினால் கிடைக்காது. தேதியைக் கையால் திருத்துங்கள், படத்தில் இருப்பவர் பெயரையும் சேர்த்து.

● ஒரே படத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் இரண்டும் வேறு வேறு கோப்புகள். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் கருவி இவற்றைச் சேர்க்காது. டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் படத்தின் சாயலை ஒப்பிட்டுத் தேடும் என்பதால் இதற்கு அதுவே மேல். படங்கள் குழம்பாமல் இருக்க எண் போடுவதும் உதவும். தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னுருவாக்கியது. அந்தத் திட்டத்துக்கு இ.ஏ.பி.737 என்று தனி எண் உண்டு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நாமும் இப்படி ஓர் எண் போடலாம்.

● கார்டில் எத்தனை கோப்பு, டிஸ்க்கில் எத்தனை கோப்பு என்று எண்ணிப் பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் நகல் ஏறிய பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.