தூத்துக்குடியில் விண்ட்சர்ஃபிங்: பாய் வாங்கும் முன் கச்சானைப் பாருங்க!

எட்டயபுரத்தில் பைக்கை எடுத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடிக் கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே காற்றுக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் என்ன, பலகையை இறக்கிட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். அது மீனவர்கள் 'கச்சான்' என்று சொல்லும் தென்மேற்குக் காற்று. தூத்துக்குடிக் கரையோ கிழக்கு பார்த்தது. அதாவது, காற்று தரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். கரையோரம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பிப் போய், நடுவில் பாய் கிழிந்தாலோ கை சோர்ந்தாலோ திரும்புவது கஷ்டம். துணைப்படகு இல்லாமல் இறங்கவே வேண்டாம். புதியவர்களுக்கு ராமேஸ்வரம் பக்கம் மேல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கலாம்.

சரி, எவ்வளவு பெரிய பாய்? 75 கிலோ எடை, 15 நாட் காற்று (மணிக்கு சுமார் 28 கி.மீ.) என்றால் 6.5 முதல் 7 சதுர மீட்டர். 20 நாட் வீசினால் 5 போதும். கற்றுக்கொள்பவருக்கு 180 லிட்டருக்குக் குறையாத பலகை. பலரும் மறப்பது அடியில் மாட்டும் ஃபின்: இங்கே கடல்புல் அதிகம், பின்னால் சாய்ந்த வகைதான் சிக்காமல் ஓடும்.

கிளம்பும் முன் இன்காய்ஸ் தரும் கடல் முன்னறிவிப்பைப் பாருங்க. எதிரே தெரியும் தீவுகளில் செல்ஃபிக்காக ஏறிடாதீங்க. 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேணும்.