ஒரே மலை, இரு கோலங்கள்

பனி என்றால் நமக்கு மார்கழி அதிகாலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான் நினைவுக்கு வரும். ஆள் உயரத்திற்குக் குவியும் பனியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் தந்தை காஷ்மீரில் பணியாற்றியபோது, 2024 மே மாதத்தில் ஒருமுறையும் அதே ஆண்டு டிசம்பர் விடுமுறையில் ஒருமுறையும் குல்மார்க் சென்று வந்தோம்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது குல்மார்க். நம் உதகையைவிட அது சுமார் 400 மீட்டர் உயரம். முன்பு கௌரிமார்க் எனப்பட்ட இவ்விடத்திற்கு, மலர்ப் புல்வெளி என்று பொருள்படும் இப்பெயரைச் சூட்டியவர் 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட யூசுப் ஷா சக் என்பர். பின்னர் ஆங்கிலேயர் கோடை வெயிலுக்கு அஞ்சி இங்கே வந்து தங்கினர். 1902-இல் அவர்கள் கட்டிய புனித மரியாள் ஆலயம் இன்றும் புல்வெளி நடுவே நிற்கிறது. 1927-இல் அவர்களே இங்குப் பனிச்சறுக்குச் சங்கத்தையும் தொடங்கினர்.

மே மாதத்தில் எங்கு நோக்கினும் பச்சை! ஆடுகள் மேய்ந்தன, சிறு பூக்கள் காற்றில் ஆடின. என் தந்தைக்கு அறிமுகமான ஒரு முதியவர் என்னை மட்டக்குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். பிறகு 'கண்டோலா' என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். இதன் முதற்கட்டம் 1998-இலும் இரண்டாம் கட்டம் 2005-இலும் தொடங்கப்பட்டன. அது அபர்வட் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை செல்கிறது. கீழே மலர்கள் இருக்க, மேலே அப்போதும் பனி இருந்தது!

டிசம்பரில் சென்றபோது அதே இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டிய வண்டியில்தான் மலை ஏறினோம். வேலிகள் மறைந்துவிட்டன; தேவதாரு மரங்கள் வெள்ளாடை உடுத்தியிருந்தன. வெறும் காலணியுடன் இறங்கிய நான் முழங்கால் வரை புதைந்தேன். அருகிலேயே ஒரு சிறுமி நீண்ட ஸ்கீ கட்டைகளை அணிந்து, புதையாமல் சறுக்கிச் சென்றாள். உடலின் எடை நீளமான பரப்பில் பரவுவதால் பனி அவளைத் தாங்குகிறது. அழுத்தம் பற்றி அறிவியலில் படித்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது!

குதிரைக்கார முதியவரை மீண்டும் கண்டோம். இப்போது அவர் கையில் கடிவாளம் இல்லை, கயிறு இருந்தது. சறுக்குவண்டியில் என்னை அமர்த்தி, தாமே இழுத்துச் சென்றார். அவருடைய 'பெரன்' அங்கிக்குள் 'காங்க்ரி' என்னும் கனல்சட்டி இருந்தது. "தாத்தா, பனிக்காலம் உங்களுக்குத் துன்பம்தானே?" என்றேன். என் தந்தை அதை இந்தியில் சொன்னார். முதியவர் சிரித்தார். "பனி வந்தால் குளிர் மட்டும்தான், மகளே. வராவிட்டால்தான் துன்பம்" என்றார்.

அதன் பொருளை என் தந்தை விளக்கினார். மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, பனியாகப் பொழிகிறது. 2024 ஜனவரியில் அது தவறியதால், மாதக் கடைசி வரை குல்மார்க் பழுப்புப் புல்லாகவே கிடந்தது. வண்டி இழுப்போருக்குக் கூலி இல்லை. 2025 பிப்ரவரியிலும் பனி போதாமல், அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் மார்ச் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டன.

இழப்பு விளையாட்டோடு முடிவதில்லை. குளிர்காலத்தில் மலை சேமிக்கும் பனிதான் வசந்தத்தில் உருகி ஓடைகளாகி, ஜீலம் நதியில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் நெல்வயல்களும் ஆப்பிள் தோட்டங்களும் அந்நீரை நம்பியே வாழ்கின்றன. நமக்கு ஏரி எப்படியோ, அவர்களுக்குப் பனி அப்படி.

மே மாதத்தில் நான் கண்ட பூக்கள் அதற்கு முந்தைய பனியின் பிள்ளைகள் என்பதை டிசம்பரில்தான் உணர்ந்தேன். தோழியரே, நீங்கள் குல்மார்க் செல்ல நேர்ந்தால் இரண்டு பருவங்களிலும் சென்று பாருங்கள். ஒருமுறை மட்டும் பார்த்தவர் அம்மலையைப் பாதிதான் அறிவார்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு