ரொட்டிக்கு ரேஷன், சாம்ராஜ்யத்துக்குப் படை

இரண்டாம் உலகப் போர் நடந்த ஆறு ஆண்டுகளிலும் பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி, டீத்தூள் எல்லாம் அளந்துதான் கிடைத்தன. ரொட்டி மட்டும் தப்பியிருந்தது. போரில் வென்று ஓராண்டு கழித்து, 1946 ஜூலையில், அதற்கும் கூப்பன் வந்தது. உலகெங்கும் தானியத் தட்டுப்பாடு, கஜானாவில் டாலர் பற்றாக்குறை. போதாததற்கு, தோற்ற ஜெர்மனியில் தன் பொறுப்பில் இருந்த பகுதிக்கும் பிரிட்டனே கோதுமை அனுப்ப வேண்டியிருந்தது. தோற்றவன் வீட்டு உலைக்காக ஜெயித்தவன் வீட்டுப் பெண்கள் கூப்பனோடு வரிசையில் நின்றார்கள். 1948 வரை இதே கதைதான்.

கடல்கடந்த செலவைக் குறைக்காவிட்டால் நாடு திவாலாகும் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1945 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. பவுண்டைத் தாராளமாக டாலராக மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1947 ஜூலையில் அனுமதித்தார்கள். டாலர் கொட்டிப்போன வேகத்தில், ஐந்தே வாரத்தில் கதவை அடைத்தார்கள்.

ஆள்பவரின் கணக்கு இப்படியென்றால் ஆளப்பட்டவரின் கணக்கு இன்னும் கொடுமை. போருக்காக இந்தியாவிடம் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் தரவில்லை. லண்டனில் பற்று எழுதி வைத்தது. போர் முடிந்தபோது அந்தப் பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. அதை ஈடாகக் காட்டி இந்தியாவில் ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டது, விலைவாசி ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிய அந்த விலையேற்றமும் ஒரு காரணம்.

சாம்ராஜ்யம் வெறும் நஷ்டக் கணக்கு மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் லண்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தன. அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். ஆனால் மலாயாவைக் கைவிடாமல் வைத்திருக்க, 1948 முதல் காட்டுக்குள் கெரில்லாக்களோடு போர். அங்கே அனுப்பப்பட்டவர்களில் பலர் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள்.

செலவு வீட்டுக்குள் நுழைந்த விதத்துக்கு 1951 பட்ஜெட் நல்ல சாட்சி. கொரியப் போரை ஒட்டி மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண்டுக்கு ராணுவத் திட்டம். அதே பட்ஜெட்டில், அதுவரை இலவசமாகக் கிடைத்த பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம். மிச்சமாவது ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி பவுண்டுதான். இலவச மருத்துவத் திட்டத்தை உருவாக்கிய அனூரின் பெவன் பதவியைத் தூக்கியெறிந்தார். அவரோடு வெளியேறியவர்களில் ஒருவர் ஹெரால்ட் வில்சன்.

அதே வில்சன் பிரதமரான பிறகு கணக்கு மீண்டும் இடித்தது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 ஆகக் குறைக்கப்பட்டது. 1968 ஜனவரியில் அவர் அறிவித்த சிக்கனப் பட்டியல் ஒரே மூச்சில் படிக்க வேண்டியது: சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள படைகள் 1971 இறுதிக்குள் வாபஸ், அமெரிக்கப் போர் விமானங்களுக்கான ஆர்டர் ரத்து, தானே நீக்கியிருந்த மருந்துச் சீட்டுக் கட்டணம் மறுபடி அமல், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் நிறுத்தம்.

படை வெளியேறியபோது அடி விழுந்தது சிங்கப்பூருக்கும்தான். அந்நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பியிருந்தது. தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் வேலை பார்த்த செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை, ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் அரசிடம் கொடுக்கப்பட்டது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்த அதே இடம் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தொழிலாக மாறியது.