வீல் அலைன்மென்ட்: வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்பும்முன் பெட்ரோல், ஆயில், டயர் காற்று எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று மட்டும் பார்ப்பதில்லை. டயரின் ஓரம் தேய்ந்து கம்பி தெரியும்போதுதான் விழித்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் ஆபத்து காரில் இருக்கும் அனைவருக்கும்தான்.

அலைன்மென்ட் என்பது முக்கியமாக மூன்று அளவுகள். முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது 'டோ'. சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது 'கேம்பர்'. சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருப்பது 'கேஸ்டர்'. பின்னவை இரண்டுக்கும் பட்டறை மெஷின் வேண்டும். டயரை வேகமாகத் தின்னும் டோவை வீட்டிலேயே டேப் வைத்து அளக்கலாம். இரு சக்கரங்களுக்கும் சேர்த்து 3 மி.மீ. விலகினாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

நேரான சாலையில் கார் ஒரு பக்கம் இழுப்பது, நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக இருப்பது, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வது ஆகியவை அறிகுறிகள். வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அளப்பது எப்படி?

1. நான்கு டயர்களிலும் சரியான அளவு காற்று அடியுங்கள். காற்று குறைந்தாலும் கார் இழுக்கும்.

2. சமதளத்தில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியிருந்தால், முன்னும் பின்னும் சிறிது உருட்டிய பிறகே அளக்க வேண்டும்.

3. இரு முன்டயர்களின் முன்பக்கத்திலும், சக்கர அச்சின் உயரத்துக்கு முடிந்தவரை நெருக்கமாக, டேப் தடையின்றிச் செல்லும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். இருவர் டேப்பைப் பிடித்து இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

4. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் காரை முன்னோக்கித் தள்ளுங்கள். அதே குறிகள் டயரின் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளங்கள்.

முன்பக்க அளவு குறைவாக இருந்தால் சக்கரங்கள் உள்நோக்கியவை; அதிகமாக இருந்தால் வெளிநோக்கியவை. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். நிறுவனத்தின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

திருத்துவது எப்படி?

முதலில் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண்.

டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இரு பக்கமும் ஒரே அளவு நீளவோ குறையவோ வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கும் கார்களில், அதை நீட்டினால் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பும். முன்னால் இருந்தால் நேர்மாறு. ஒவ்வொரு முறையும் காரை உருட்டி மறுபடி அளங்கள். முடிந்ததும் லாக் நட்டை நன்றாக இறுக்குங்கள். அது கழன்றால் ஸ்டீயரிங் கட்டுப்பாடே போய்விடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

எப்போது பட்டறைக்குப் போக வேண்டும்?

விபத்துக்குப் பின், சஸ்பென்ஷன் பாகம் மாற்றிய பின், திருத்தியும் கார் இழுக்கும்போது மெஷினில்தான் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் ஸ்டீயரிங் சென்சார் உள்ள புதிய கார்களை அளப்பதோடு விட்டுவிடுங்கள்.

நட்டைத் தொடத் தயக்கமா? அளந்து பார்ப்பதே பெரிய பயன். கையில் அளவு இருந்தால், அலைன்மென்ட் உண்மையில் தேவையா என்பது தெரியும். வேலை முடிந்து வந்தபின் அது சரியாக நடந்ததா என்பதையும் நாமே சோதித்துக்கொள்ளலாம்.