வழி காட்டும் வலைத்தளம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதியவர் ஒருவர் வருகிறார். தொலைவிலேயே வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தெரிகிறது. எவரையும் கேளாமலே கோயிலை அடைந்து விடுகிறார். நல்ல வலைத்தளமும் அக்கோபுரம் போன்றதே. வந்தவர் தாம் நாடியதை எளிதில் அடைய வேண்டும்.

உலகின் முதல் வலைத்தளம் 1991-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரால் அமைக்கப்பட்டது. இன்று இரயில் பயணச்சீட்டும், பட்டாவும், கல்லூரி விண்ணப்பமும் வலைத்தளம் வழியே கிடைக்கின்றன. ஆகவே தளம் குழப்பினால் இழப்பு மக்களுக்கே.

முதற்கண், வருபவர் எதற்காக வருகிறார் என்பதை அறிதல் வேண்டும். நம் மாநில அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தைக் காண்க. பட்டா விவரம் தேடுபவர் மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாகச் செல்கிறார். விருதுநகர் மாவட்டத்தைத் தேர்ந்தால் அதன் வட்டங்கள் மட்டுமே கண்முன் வரும். பின்னர்ப் பட்டா எண்ணையோ புல எண்ணையோ தர வேண்டும். இவ்வரிசை உழவர் முன்பே அறிந்த வரிசையன்றோ!

அடுத்தது பெயர். நம் ஊரை ‘இராஜபாளையம்’ என்றும் ‘ராஜபாளையம்’ என்றும் எழுதுகிறோம். அகர வரிசையில் ஒன்று ‘இ’யிலும் மற்றொன்று ‘ரா’விலும் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரையோ ஆங்கிலத்தில் எழுதுவார் பலவிதமாக எழுதுவர். எப்படித் தேடினாலும் ஊர் கிடைக்கச் செய்வது தளத்தை அமைப்பவரின் கடமை.

மூன்றாவது, பிழையைக் கையாளும் முறை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக என் அன்னை மில் வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்து என்னுடன் கணினி நிலையத்திற்கு வந்தார். விவரம் அனைத்தையும் நிரப்பிய பிறகே புகைப்படத்தின் அளவு மிகுதி என்று தளம் கூறியது. எவ்வளவு இருக்கலாம் என்று கூறவில்லை. நிரப்பியவையும் அழிந்தன. அன்று இழந்தது அரைநாட் கூலி. அந்த அளவை முதல் பக்கத்தில் ஒரு வரியில் எழுதியிருந்தால் போதாதா?

பிழை நேராமல் முன்கூட்டியே தடுத்தல், நேர்ந்தால் திருத்தும் வழியை எளிய மொழியில் கூறல் ஆகிய இரண்டும், யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 1994-இல் வகுத்த 10 நெறிகளுள் அடங்கும். ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லி அருகிருந்து கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்றும் அவர் கூறினார். இதற்குப் பெருஞ்செலவு இல்லை, பொறுமையே தேவை.

கணினி பயிலும் நண்பர்களே! நாளை நீங்கள் தளங்களை அமைப்பீர்கள். அந்த ஐவருள் ஒருவராக, வேலை முடிந்து வரும் ஒரு மில் தொழிலாளியை அமர்த்துங்கள். அவர் தடுமாறும் இடத்தில் அவரைத் திருத்தாதீர்கள், தளத்தைத் திருத்துங்கள்.